மூன்று டிக் போதாது

இப்போது வரும் கார்களில் இண்டிகேட்டர் லீவரை லேசாகத் தட்டினால் போதும். மூன்று தடவை மின்னிவிட்டுத் தானே அணைந்துகொள்ளும். கையேட்டில் 'லேன் சேஞ்ச் சிக்னல்' என்றோ 'ஒன் டச் சிக்னல்' என்றோ போட்டிருப்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் நெல்லைப் பக்கம் கயத்தாற்றிலிருந்து காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் போகிற கார்களைக் கவனியுங்கள். லீவரைத் தட்டிய கையோடு ஸ்டியரிங்கையும் திருப்பிவிடுகிறார்கள். மூன்றாவது டிக் அடங்கும்போது வண்டி கோட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியை எந்தச் சிக்னலும் இல்லாமல் கடக்கிறார்கள். பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம், கார் அவர் முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று புரியும். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்னலாம் என்பது விதி. கார் கம்பெனிகள் பெரும்பாலும் 90-ஐ ஒட்டி வைக்கின்றன. அப்படியானால் மூன்று மின்னலுக்கு 2 விநாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 விநாடிக்குள் கார் 44 மீட்டர் போய்விடும். 100-ல் 56 மீட்டர். ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். வண்டி அலையாமல், உள்ளே இருப்பவர் தலை ஆடாமல் அந்த 3.5 மீட்டர் நகர 4 முதல் 6 விநாடி வேண்டும். அதற்கு முன்பு பின்னால் வருகிறவர் பார்த்துப் புரிந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க ஒன்றரை விநாடியாவது ஆகும். முன்னறிவிப்பு 3 விநாடி, நகர்வது 5 விநாடி என்று வைத்தால் 8 விநாடி இண்டிகேட்டர் எரிய வேண்டும். பன்னிரண்டு டிக். காரோ மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது.

தாழையூத்திலிருந்து கிளம்பிய சிமெண்ட் லாரிக்குப் பின்னால் நீங்கள் 60-ல் போகிறீர்கள், வலது லேனில் ஒருவர் 100-ல் வருகிறார் என்று வையுங்கள். நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 100 அனுமதிக்கப்பட்ட வேகம்தான். அவர் மேல் தப்பில்லை. வித்தியாசம் 40. விநாடிக்கு 11 மீட்டர் வீதம் அவர் உங்களை நெருங்குகிறார். கண்ணாடியில் 60 மீட்டர் தள்ளித் தெரிந்த கார், ஐந்தரை விநாடியில் உங்கள் டிக்கியைத் தொட்டுவிடும். நீங்கள் லேன் மாற எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதேதான்.

சில நாடுகளில், இண்டிகேட்டர் போட்டால் தானாகவே லேன் மாறும் கார்கள் ஓடுகின்றன. அந்த வசதிக்கு ஐ.நா.வின் 79-ஆம் வாகன விதி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: ஓட்டுநர் சொன்ன பிறகு 3 விநாடி கழியாமல் சக்கரம் கோட்டைத் தாண்டக் கூடாது. ரேடாரும் கேமராவும் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிற கம்ப்யூட்டருக்கே 3 விநாடி காத்திருப்பு என்றால், இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும் நமக்கு அதற்குக் குறைவாக எப்படிப் போதும்?

ஆகவே நெடுஞ்சாலையில் லீவரைத் தட்ட வேண்டாம். முழுதாகத் தள்ளி, 'டக்' என்று உட்காரும்படி போடுங்கள். லேன் மாறி முடிந்ததும் கையால் எடுத்துவிடுங்கள். தட்டும் வசதியைத்தான் வைத்துக்கொள்வேன் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹூண்டாய், கியா கார்களில் பல மாடல்களின் செட்டிங்ஸில் லைட்ஸ் என்ற பகுதிக்குள் போனால் 'ஒன் டச் டர்ன் சிக்னல்' என்று இருக்கும். 3, 5, 7 என்று மாற்றலாம். 7 வைத்தால் ஏறக்குறைய 4.7 விநாடி எரியும். அதுவும் முழு நேரத்துக்குப் போதாது, ஆனாலும் 2 விநாடிக்கு இரண்டு மடங்குக்கு மேல். மற்ற கம்பெனிகளில் சிலவற்றில் இந்த வசதியை அணைக்கத்தான் முடியும், எண்ணிக்கையை மாற்ற முடியாது. உங்கள் காரின் மெனுவை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது தேடக் கூடாது.

முறை இதுதான். முதலில் உள் கண்ணாடி, பிறகு போக வேண்டிய பக்கத்துக் கண்ணாடி. இடம் இருப்பதாகத் தெரிந்தால் இண்டிகேட்டர். அதன்பின் நாலைந்து டிக் எண்ணுங்கள். அந்த நேரம் கை நேராகவே இருக்கட்டும். எண்ணி முடிந்ததும் மறுபடி அதே கண்ணாடி. இந்த இரண்டாவது பார்வையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், ஆனால் உயிர் காப்பது அதுதான். முதல் பார்வையில் ஒரு வண்டி இருப்பது மட்டும் தெரியும். இரண்டாவதில் அது எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைப் பார்த்து அதன் வேகம் தெரியும். கண்ணாடியில் ஒரேயளவாக நின்றால் உங்கள் வேகத்திலேயே வருகிறது. பெருத்துக்கொண்டே வந்தால் விட்டுவிடுங்கள், அவர் போகட்டும். கடைசியாகத் தோளுக்கு மேல் ஒரு நொடி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை லேசாக அசைத்தால் போதும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காதீர்கள். லேன் மாறும்போது வேகம் குறைவது பின்னால் வருகிறவருக்கு இரட்டைத் தொல்லை. நாலு சக்கரமும் புது லேனுக்குள் வந்து வண்டி நேரான பிறகு இண்டிகேட்டரை எடுங்கள்.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. சைடு மிரர் வெளிப்புறம் வளைந்தது. உள்ளதைவிடத் தள்ளி இருப்பதுபோல் காட்டும். உள் கண்ணாடி தட்டையானது. தூரத்தை உள்ளபடி காட்டும். இரண்டிலும் ஒரே வண்டி தெரிந்தால் உள் கண்ணாடியை நம்புங்கள். நம்மில் பலர் சைடு மிரரில் சொந்தக் காரின் கதவே கால்வாசி தெரியும்படி வைத்திருக்கிறோம். அந்தக் கால்வாசி வீண். வலது மிரரைச் சரிசெய்யத் தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து, அந்த நிலையில் காரின் பின்பக்க ஓரம் மயிரிழையாகத் தெரியும்வரை மிரரை வெளியே தள்ளுங்கள். இடது மிரருக்கு இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் தலையைக் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது. முதல் இரண்டு நாள் அந்நியமாக இருக்கும். ஆனால் உள் கண்ணாடியை விட்டு நழுவும் பைக் அப்போதே சைடு மிரரில் வந்துவிடும், இடையில் ஒளிந்துகொள்ள இடம் ரொம்பக் குறைவு.

இனி நம் சாலைக்கு வருவோம். புத்தகத்தில் இடது லேன் ஓட்டுவதற்கு, வலது லேன் முந்துவதற்கு. இங்கே பாரம் ஏற்றிய லாரிகள் நடுத்திட்டை ஒட்டி வலது லேனிலேயே ஒரே சீராகப் போகின்றன. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடது லேனில் எதிர்த்திசையில் வரும் பைக், ஓரத்தில் நிறுத்திய வேன், சர்வீஸ் ரோட்டிலிருந்து பார்க்காமல் ஏறும் டிவிஎஸ் 50, ஆட்டுக்கிடை எல்லாம் வரும். 25 டன்னை அடிக்கடி பிரேக் போட்டு நிறுத்த எந்த டிரைவரும் விரும்ப மாட்டார். அதனால் கார்கள் இடப்பக்கமாக முந்துகின்றன. செய்யக் கூடாது என்று சொல்வது எளிது. முதலில் வலது இண்டிகேட்டரைப் போட்டு, இரவானால் ஒரு தடவை டிம்-பிரைட் அடித்து, பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். நிறைய லாரிக்காரர்கள் இடம் இருந்தால் இடதுபக்கம் ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்காவிட்டால் இடப்பக்கம் போவது உங்கள் முடிவு. அப்போது அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்கள் அவருக்கு இல்லை. கிளீனர் பக்கம் அவருக்குக் கண் எட்டாத இடம் மிகப் பெரிது. அந்தப் பக்கத்தில் கூடவே ஓடாதீர்கள், சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

முந்திய பிறகு முன்னால் நுழைவதற்கும் அளவு உண்டு. லாரியின் இரண்டு ஹெட்லைட்டும், அதற்குக் கீழே தரையும் உள் கண்ணாடியில் முழுதாகத் தெரிய வேண்டும். சைடு மிரரில் தெரிவதை வைத்து நுழைந்தால் லாரியின் மூக்கை உரசுவீர்கள். திரும்ப வரும்போதும் இண்டிகேட்டர் வேண்டும். முந்தப் போகும்போது போடுகிறவர்கள் பலர், திரும்பும்போது போடுகிறவர்கள் சிலர்.

அம்பாசமுத்திரம் ரோடு, திருச்செந்தூர் ரோடு மாதிரி இருவழிச் சாலையில் இன்னொரு சிக்கல். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால் 'முந்திக்கோ' என்று ஒரு டிரைவர் சொல்கிறார். 'எதிரே வண்டி வருது, வராதே' என்று இன்னொருவர் சொல்கிறார். உண்மையாகவே வலப்பக்கம் வயலுக்குள் திரும்பப் போகிறவரும் அதையேதான் போடுகிறார். மூன்றும் ஒரே விளக்கு. அந்த விளக்கை அனுமதியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. எதிரே சாலை உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். நீங்களும் யாருக்கும் அப்படி வழி காட்டாதீர்கள்.

ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டினால் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேலக்காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் காரை ஒரு கை வைத்துத் தள்ளும். கன்னியாகுமரிக்குப் போகும்போது அது உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. வலது லேனில் லாரியை முந்தினால் காற்று உங்களை லாரியை நோக்கித் தள்ளும். நெல்லைக்குத் திரும்பும்போது காற்று இடப்பக்கத்தில். அப்போது இடது லேனில் போகும் லாரி உங்களுக்கு மறைப்பாக இருக்கும். காற்றே இல்லாததுபோல் தோன்றும். லாரியின் முகப்பைத் தாண்டிய கணத்தில் காற்று மொத்தமாக வந்து மோதி, காரை நடுத்திட்டுப் பக்கம் ஒதுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, அந்த இடம் வருமுன் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. உயரமான எஸ்யூவி, காலி வேன், மேலே கேரியரில் சாமான் கட்டிய கார் இவற்றுக்கு அடி அதிகம். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர் முன்னால் போனால் முந்துகிற தூரத்தைச் சாதாரண லாரிக்குப் போடுவதைப் போல இரண்டு மூன்று மடங்காகப் போடுங்கள். வளைவுக்கு முன் முந்தத் தொடங்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் புதுக் கார்களின் லேன் கீப் அசிஸ்ட் விஷயமும் வருகிறது. முன் கண்ணாடியில் உள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். அது வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தொட்டால், தூங்கிவிட்டீர்கள் அல்லது கவனம் தப்பிவிட்டீர்கள் என்று கார் எடுத்துக்கொள்ளும். பீப் அடிக்கும், ஸ்டியரிங்கை லேனுக்குள் இழுக்கும். பொதுவாக 60 கிலோமீட்டருக்கு மேல்தான் இது வேலை செய்யும். இண்டிகேட்டர் எரிந்தால் அமைதியாகிவிடும். ஆக, இண்டிகேட்டர் போடுவது இப்போது பின்னால் வருகிறவருக்கு மட்டும் சொல்வதில்லை. உங்கள் காருக்கும் நீங்கள் அதில்தான் சொல்கிறீர்கள். 'ஸ்டியரிங் தானா இழுக்குது, பயமா இருக்கு' என்று சொல்லி இந்த வசதியை அணைத்துவிடுகிறவர்களில் பலர் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுகிறவர்கள். மூன்று டிக்கில் அணைந்துவிட்டால் பாதி வழியில் கார் திரும்பப் பிடித்து இழுப்பதும் உண்டு. அதற்கும் மருந்து முழுதாகப் போடுவதுதான்.

பள்ளத்தையோ ஆட்டையோ தவிர்க்கச் சட்டென்று ஒதுங்கும்போது இண்டிகேட்டர் போட நேரம் இருக்காது. பயப்பட வேண்டாம், காரின் இழுப்பு லேசானது, கையால் மீறித் திருப்பலாம். ஆனால் பாதி ஜல்லி கொட்டி, பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்து கிடக்கும் இடங்களிலும், டோல்கேட்டை நெருங்கிச் சாலை பல தடமாக விரியும் இடத்திலும் அதை அணைத்துவிடுவது நல்லது. நாங்குநேரி டோல்கேட்டில் எந்த வரிசை என்பதை அரைக் கிலோமீட்டர் முன்பே முடிவு செய்துகொண்டு, அங்கேயே இண்டிகேட்டர் போட்டு மாறிவிடுங்கள். கேட்டுக்கு முப்பது மீட்டரில் வரிசை மாறுவதால்தான் பம்பர்கள் உரசுகின்றன. மாலையில் தென்காசியை நோக்கி மேற்கே ஓட்டும்போது சூரியன் நேராகக் கேமராவில் விழும். கோடு அதற்குத் தெரியாது. டேஷ்போர்டில் லேன் படம் சாம்பல் நிறமாகிவிட்டால் உதவி இல்லை என்று அர்த்தம். தாரில் விரிசலை அடைத்த கறுப்புப் பட்டைகள் மழையில் பளபளக்கும்போது அதைக் கோடு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் வண்டி இருந்தால் எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் வார்னிங் வேறு. அது பின் பம்பரின் இரண்டு மூலையிலும் உள்ளே இருக்கும் ரேடார். பக்கத்தில் வண்டி இருந்தால் சைடு மிரரில் சின்ன விளக்கு எரியும்; அந்தப் பக்கம் இண்டிகேட்டரும் போட்டால் விளக்கு மின்னி, பீப் அடிக்கும். இண்டிகேட்டர் போடாதவருக்கு அந்தப் பீப் கிடைக்காது. சைடு மிரருக்குக் கீழே கேமரா வைத்து இண்டிகேட்டர் போட்டதும் பக்கத்தைத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. 2020-ல் வந்த ஹோண்டா சிட்டியில் இடப்பக்கத்துக்கு மட்டும் இருந்தது. இப்போது ஹூண்டாய், டாடா, மஹிந்திராவின் சில மாடல்களில் இரண்டு பக்கமும் வருகிறது. இடது ஓரமாக நுழையும் பைக்குகளுக்கு இது மிகவும் உதவும். என்றாலும் வேகமாக நெருங்கும் வண்டியை ரேடார் தாமதமாகச் சொல்லலாம், ஒல்லியான பைக்கைச் சில நேரம் தவறவிடலாம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு அதையும் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள்.

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் உள்ள சில கார்களில் அதிகம் பேர் அறியாத ஒன்று இருக்கிறது. குரூஸில் போகும்போது வலது இண்டிகேட்டர் போட்டால், முந்தப் போகிறீர்கள் என்று எண்ணி, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் குறைத்துக் கார் கொஞ்சம் வேகமெடுக்கும். முந்த உண்மையிலேயே தயாரானால் அது நன்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இண்டிகேட்டரைப் போட்டு லாரிக்குப் பின்னால் காத்துக் கிடக்கும் பழக்கம் இருந்தால், குரூஸை விட்டுவிட்டுக் காலால் ஓட்டுங்கள்.

பின் பம்பரில் ரேடார் இருக்கும் இடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினாலும், இரும்பு கார்டு மாட்டினாலும், உடைந்த பம்பரைப் பட்டி பார்த்துக் கனமாகப் பெயிண்ட் அடித்தாலும் ரேடார் குருடாகும். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் கேலிப்ரேட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். செய்யாவிட்டால் கோட்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்க்கும்.

லீவர் தானாக அணைவது ஏன் சில நேரம் நடக்கிறது, சில நேரம் நடப்பதில்லை? ஸ்டியரிங் தண்டில் ஒரு வளையம். அதில் துருத்திக்கொண்டு ஒரு பல். திரும்பிவிட்டு ஸ்டியரிங்கை நேராக்கும்போது அந்தப் பல் லீவரைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவருகிறது. லேன் மாறும்போதும், பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் மென்மையான வளைவிலும் ஸ்டியரிங் அந்த அளவுக்குத் திரும்புவதே இல்லை. அதனால் தட்டாது, விளக்கு மின்னிக்கொண்டே போகும். பாட்டுச் சத்தத்தில் டிக் கேட்காது. நீங்கள் நேராகப் போய்க்கொண்டிருக்க, கங்கைகொண்டான் சிப்காட் விலக்கில் நிற்கும் பைக்காரர் உங்கள் இடது இண்டிகேட்டரைப் பார்த்து, 'இவர் உள்ளே வர்றார்' என்று நம்பிச் சாலையில் ஏறிவிடுகிறார். போடாத இண்டிகேட்டரைவிட எடுக்காத இண்டிகேட்டர் மோசம். விலக்கில் நிற்பவரும் ஒன்று கவனிக்கலாம்: விளக்கை நம்பாமல், வேகம் குறைகிறதா, முன் சக்கரம் திரும்புகிறதா என்று பார்த்து ஏறுவது.

ஏர்பேக் வேலையோ ஸ்டியரிங் கழற்றிய வேலையோ முடிந்து வந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் அணையவில்லை என்றால், அந்தப் பல் உடைந்திருக்கும், அல்லது ஸ்டியரிங்கை ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். மெக்கானிக்கிடம் இதை நேரடியாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். கார் மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா, டொயோட்டாவில் இண்டிகேட்டர் வலக்கையில், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் இடக்கையில். பழகாத காரில் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பர் ஓடும். கிளம்புமுன் நின்ற இடத்திலேயே நாலு தடவை போட்டு எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் திரும்ப நடுத்திட்டு இடைவெளியில் காத்திருக்கும்போது, இருவழிச் சாலையில் எதிர் வண்டிக்காக நிற்கும்போது, ஸ்டியரிங்கை நேராக வைத்திருங்கள். முன்கூட்டியே வலப்பக்கம் ஒடித்து வைத்திருந்தால், பின்னால் யாராவது இடித்தால் கார் நேராக எதிர்த்தடத்துக்குள் போய்விடும். இண்டிகேட்டர் 200 மீட்டர் முன்பே எரியட்டும். பிரேக் அதற்குப் பிறகு. பிரேக்கை முதலில் போட்டு இண்டிகேட்டரைக் கடைசியில் போட்டால் பின்னால் வருகிறவர் நீங்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று தெரியாமலே வலப்பக்கம் முந்த வருவார், நீங்கள் திரும்புகிற அதே பக்கம்.

வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இடப்பக்கமே முதல் வழியில் வெளியேறுவதானால் நுழையும்போதே இடது. நேராகப் போவதானால் நுழையும்போது எதுவும் வேண்டாம்; உங்கள் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது. வலப்பக்கம் போவதானால் நுழையும்போது வலது, வெளியேறுமுன் இடதுக்கு மாற்றம். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு, வழி விட வேண்டும்.

இனி நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுவது. அதன் பெயர் ஹசார்ட். நம் பக்கம் அதைப் 'பார்க்கிங் லைட்' என்பார்கள். சிக்னலில்லாத நாற்சந்தியில் நேராகப் போவதற்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். கேட்டால், "நேர போறேம்னு காட்டத்தாம்ல அண்ணாச்சி போட்டேன்" என்பார்கள். சந்தியின் இடப்பக்கம் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அவர் பக்கம் திரும்புவதாக நினைப்பார். வலப்பக்கம் நிற்பவருக்கும் அப்படியே. நேராகப் போவதற்குச் சிக்னலே கிடையாது. மழையில் ஹசார்டைப் போட்டு ஓட்டுவதும் தவறு. அது எரியும்போது நீங்கள் லேன் மாறுவதைக் காட்ட வழியே இல்லாமல் போகிறது. நிற்கும் வண்டியா ஓடும் வண்டியா என்றும் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. குற்றாலச் சாரலில் ஹெட்லைட்டை லோ பீமில் போட்டாலே பின் விளக்கும் எரியும், அது போதும். ரெட்டியார்பட்டி மலை அருகே பஞ்சராகி ஓரம் நின்றால், அப்போது போடுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.

சிக்னல், லேன் பற்றியெல்லாம் சொல்லும் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017-ல் வந்தவை. அவற்றை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1000 ரூபாய் வரை அபராதம். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

விளக்கு எரியாவிட்டால் இவ்வளவும் வீண். ஒரு பக்கம் மட்டும் டிக் வழக்கத்தைவிட வேகமாக, ஏறக்குறைய இரண்டு மடங்காக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது. முன்னும் பின்னும் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட், ஆக 47 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு 21 வாட் பல்பு போனால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிறது. அதைக் கண்டுகொண்டுதான் வேகமாக அடித்து உங்களுக்குச் சொல்கிறது. ஹசார்டைப் போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்று வந்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் எரியாமல் ஹசார்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் ஃபியூஸ். ஹசார்ட் எரிந்து இண்டிகேட்டர் மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் லீவர் சுவிட்ச்.

பல்பு வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். விளக்கின் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் பல்பு ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். அதன் பெயர் பிஒய்21டபிள்யூ, பக்கவாட்டு முளைகள் நேரெதிராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். கண்ணாடியே ஆரஞ்சாக இருந்தால் வெள்ளைப் பல்பு பி21டபிள்யூ, முளைகள் நேரெதிர். ஒன்று மற்றொன்றின் ஹோல்டரில் உட்காராது. அமுக்கித் திருகி ஹோல்டரை உடைக்காதீர்கள். ஆரஞ்சுப் பூச்சு உரிந்து பல்பு வெள்ளையாக மின்னத் தொடங்கினாலும் மாற்ற வேண்டியதுதான். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கினால், அல்லது இண்டிகேட்டரோடு சேர்ந்து பின் லைட்டும் துடித்தால், பல்பில் குறையில்லை, எர்த், அதாவது பாடியோடு சேரும் வயர் இணைப்பு, போயிருக்கிறது. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் இது சாதாரணம். ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தையும் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கினால் சரியாகிவிடும்.

எல்இடி பல்பு போடுவதானால் யோசித்துப் போடுங்கள். கரண்ட் குறைவதால் கார் பல்பு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கும். அதைத் தடுக்க 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் மாட்டுவார்கள். அது எரியும்போது 30 வாட் அளவுக்குச் சூடாகும். இரும்புத் தகட்டில் திருகி இறுக்க வேண்டும், பிளாஸ்டிக் பம்பரிலோ வயர்க் கட்டிலோ டேப் சுற்றி விட்டால் உருகும். அதைவிட முக்கியம், பல்பின் இழை எங்கே இருக்க வேண்டுமோ அதை வைத்துத்தான் விளக்குக்குள் ஒளியைத் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணத்தைச் செய்திருக்கிறார்கள். எல்இடி அந்த இடத்தில் இருக்காது. இரவில் பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும். மாற்றிய பிறகு உச்சி வெயிலில் காரை நிறுத்தி, நேர் பின்னால் இருபது அடி தள்ளி ஒரு தடவை, பக்கவாட்டில் சாய்வாக நின்று ஒரு தடவை பாருங்கள். பழைய பல்பு அளவுக்குத் தெரியவில்லையென்றால் பழையதையே திரும்பப் போட்டுவிடுங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் முன் இண்டிகேட்டரையும் சைடு மிரரையும் மறைக்காமல் இருக்கிறதா என்பதையும் அதே இடத்தில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். மறைத்தால் பூஜை முடிந்து வண்டியை எடுக்குமுன் அவிழ்த்து வையுங்கள்.